பதினாறு இருக்கை

துராரின் மினிபஸ்ஸில் பதினெட்டு இருக்கை.
ஒன்று எனக்கு, ஒன்று நர்ஸுக்கு.
தொலோன் கணவாயில் போலீஸ் தலை எண்ணும்,
மடியில் ஒரு பிள்ளைகூட ஆகாது.
மிச்சம் பதினாறு.
என் வகுப்பில் இருபத்தேழு பேர்.
மார்கழிக் குளிரிலும் உறையாத ஏரி ஒன்று
மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதைப்
படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

முதல் வருஷம் போனில் செய்தி விட்டோம்:
முந்துகிறவருக்கு இடம்.
ஒன்பது நிமிஷத்தில் பந்தி நிறைந்தது.
எல்லாம் கடைத்தெரு வீடுகள்.
மேய்ச்சல் மேட்டிலிருந்து இன்னும் இறங்காதவர்களுக்கு
சிக்னல் வேண்டுமென்றால் குதிரையேற வேண்டும்.
பெக்மிர்சாவின் அப்பா பதில் அனுப்பியபோது
பஸ் போய்த் திரும்பியிருந்தது.
"வருகிறான்" என்று ஒரே சொல்.
அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

அடுத்த வருஷம் மார்க்.
மேலிருந்து பதினாறு பேர், கீழே ஒரு கோடு.
கோடு போட்டது நான்தான்,
ஸ்கேல் வைத்து, நேராக.
"ஏரிக்கு அல்ஜீப்ரா தெரியுமா?" என்றாள் கன்யிஷாய்.
வகுப்பு சிரித்தது.
பதினேழாவது அவள்.

போன வருஷம்
துராரின் கல்பாக் குல்லாவைக் கடன் வாங்கினேன்.
வெள்ளைக் கம்பளி, உள்ளே வியர்வையும் டீசலும் மணக்கும்.
சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி
கண்ணை மூடிச் சீட்டெடுத்தேன்.
முதல் பேர் தலைமையாசிரியரின் மகள்.
என் கண் மூடித்தான் இருந்தது என்பதை
அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

இரட்டையரில் சைக்கால் உள்ளே, எமில் வெளியே.
"மாற்றிக்கொள்ள மாட்டேன்" என்றாள் அவள்,
யாரும் கேட்குமுன்பே.
போனாள்.
ஒரு பாட்டிலில் ஏரித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.
அவன் அதை வாசலில் கொட்டினான்.

இந்த வருஷம்
போன தடவை போகாத பதினோரு பேருக்கும்
ஆளுக்கு இரண்டு சீட்டு.
"இது அதிர்ஷ்டமா, உங்கள் இரக்கமா?"
தலைமையாசிரியர் கேட்டார்.
கணக்கு என்றேன்.
பதினாறும் இருபத்திரண்டும் முப்பத்தெட்டு.

இன்று காலை எண்ணினேன்.
முப்பத்தாறு.
மேசைக்கடியில் தேடினேன்.
குல்லாவின் மடிப்பை உதறினேன்.
முப்பத்தாறேதான்.
இரண்டு குறைந்தால் ஒரு பிள்ளை,
போன வருஷமும் போகாத பிள்ளை.

அடுப்போரம் ஐசிரெக்
ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
அம்மாவும் அப்பாவும் மாஸ்கோவில்,
இவள் சித்தப்பா வீட்டில்.
"அறுநூறு சோம், எஜே.
பேர் விழுந்துவிட்டால் வீட்டில் கேட்கணும்.
போடாவிட்டால் கேட்க வேண்டாம்."
குரலில் அழுகை இல்லை.
போட்ட கணக்கைச்
சரிபார்த்துவிட்டவள் குரல்.

வந்த சீட்டைத்தான் எனக்குக் குலுக்கத் தெரியும்.

போன வருஷம் இவள் பேர் போட்டிருந்தாளா?
அன்று நான் எண்ணவில்லை.

இருபத்தேழு பேரும் என் கையையே பார்க்கிறார்கள்.
எமில் உதட்டைக் கடித்துக்கொண்டு,
தலைமையாசிரியரின் மகள்
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதுபோல.
இன்றைக்குக் குலுக்கல் இல்லை என்றேன்.
ஏன் என்று கேட்டார்கள்,
கேட்கத்தானே செய்வார்கள்.
கரும்பலகையில் அறுநூறு என்று எழுதினேன்,
அதற்கடியில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
சாக்பீஸோடு நின்றேன்.

மத்தியானம் துரார் வாசலில் வந்து நின்றான்,
வெறுந்தலையோடு.
"குல்லாவைக் கொடுங்கள் எஜே,
வெளியே பனி தூற ஆரம்பித்துவிட்டது."
இன்னும் ஒரு நாள் என்றேன்.
உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு
பஸ்ஸை நோக்கி ஓடினான்.